பல்கலைக்கழக விண்ணப்பம்: விருப்ப வரிசை போடுவதும் வளாகம் பார்ப்பதும்

சிங்கப்பூரில் மேல்நிலை (ஏ-லெவல்) தேர்வு முடிவு பிப்ரவரிக் கடைசியில் வரும். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பக் கதவு மார்ச் நடுவில், அல்லது அதைத் தாண்டிச் சில நாளில் மூடிவிடும். கையில் இருப்பது மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் "எந்தப் பல்கலைக்கழகம்?" என்ற பேச்சே தொடங்குகிறது. பையன்கள் பாடு இன்னும் மோசம். முடிவு வரும்போது பலர் தேசிய சேவைக்காகத் தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சியில் இருப்பார்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து, துணி துவைத்து, தூங்கி எழுந்த பிறகு மிச்சமிருக்கும் சில மணி நேரத்தில் படிவம் நிரப்ப வேண்டும்.

ஆகவே எழுத வேண்டியதை டிசம்பரிலேயே எழுதிவைப்பது நல்லது. பார்க்க வேண்டிய வளாகத்தையும் அதற்குள் பார்த்துவிடலாம். மதிப்பெண் வந்தபின் செய்ய வேண்டியதாக விருப்ப வரிசை ஒன்றுதான் மிஞ்ச வேண்டும்.

மருத்துவத்துக்கு டிசம்பரே தாமதம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி யுகேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வைக் கேட்கிறது. அது முந்தைய ஆண்டு ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் நடக்கும். பிப்ரவரியில் நான்கு ஏ வாங்கிய பிறகு "சரி, டாக்டருக்குப் போடலாம்" என்று நினைப்பவர் அந்தப் பள்ளிக்கு அந்த ஆண்டு விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் (என்யுஎஸ்) யோங் லூ லின் மருத்துவப் பள்ளி என்ன கேட்கிறது என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணுக்கு மேல் தன் சொந்தத் தேர்வுகளை வைத்து ஆளைச் சலித்தெடுக்கும். டியூக்-என்யுஎஸ் ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கானது. தொடக்கக் கல்லூரி மாணவர் அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டியதில்லை.

புள்ளிக் கணக்கு

அண்ணன், அக்கா, டியூஷன் ஆசிரியர் சொல்லும் "எண்பத்தேழரை", "எண்பத்தைந்து" என்ற எண்களை முதலில் மறந்துவிடுங்கள். அவை 90 புள்ளிக் கணக்கில் வந்தவை. 2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 70 புள்ளி. எச்2 என்பது முழு அளவுப் பாடம், எச்1 அதில் பாதி. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, எச்1 அளவிலான பொதுத்தாளுக்கு 10. எச்2-வில் ஏ 20, பி 17.5, சி 15, டி 12.5, ஈ 10. எச்1-இல் இவற்றில் பாதி. புரோஜெக்ட் வொர்க்கில் தேர்ச்சி பெற்றால் போதும், அதற்குப் புள்ளி கிடையாது. நான்காவது பாடமும் தாய்மொழியும் உங்கள் கணக்கை உயர்த்தினால் மட்டுமே சேரும், தாழ்த்தினால் விட்டுவிடுவார்கள்.

எப்போது உயர்த்தும் என்பதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு மாணவிக்கு எச்2-வில் பி, பி, சி. பொதுத்தாளில் பி. கூட்டினால் 17.5, 17.5, 15, 8.75, மொத்தம் 58.75. எச்1 தமிழில் ஏ வாங்கியிருக்கிறாள், அதற்கு 10. அதைச் சேர்த்தால் 80-க்கு 68.75. இதை 70-க்கு மாற்றினால் 60.16. தமிழ் அவளுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளி தூக்கிக் கொடுத்திருக்கிறது. அவளுடைய நான்காவது பாடம் எச்1 பொருளியலில் சி, அதாவது 7.5. அதையும் சேர்த்தால் 90-க்கு 76.25, அதாவது 70-க்கு 59.31. குறைகிறது. எனவே பொருளியல் வெளியே, தமிழ் உள்ளே.

இதிலிருந்து கிடைக்கும் கணக்கு எளிது. தமிழில் ஏ என்றால், முழு 70 வாங்கியவரைத் தவிர எல்லோருக்கும் லாபம். பி என்றால் 61.25-க்குக் கீழே இருப்பவருக்கு மட்டும் லாபம். எல்லாவற்றிலும் பி வாங்கினால் வரும் எண் அது. "தமிழ் சும்மா தேறினால் போதும், நேரத்தை கெமிஸ்ட்ரிக்குப் போடு" என்று பிள்ளையிடம் சொல்லும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 4.0-க்கு உங்கள் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) எவ்வளவோ அதுதான். சாதாரணநிலைத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்த காலம் போய்விட்டது. 2020 சேர்க்கையிலிருந்து அது கணக்கில் இல்லை. அந்தப் பழைய சாதாரணநிலை எண்ணை நினைத்து இன்னும் கலங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அதை விட்டுவிடலாம்.

அடுத்தது மதிப்பெண் விவரப் பட்டியல். பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் சென்ற ஆண்டு சேர்ந்தவர்களின் 10-ஆவது, 90-ஆவது விழுக்காட்டு நிலை மதிப்பெண்ணை வெளியிடுகின்றன. பத்தாவது விழுக்காட்டில் "பி பி சி / பி" (மூன்று எச்2 / ஒரு எச்1) என்று போட்டிருந்தால், சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த அளவோ அதற்கு மேலோ வைத்திருந்தார்கள் என்று பொருள். அதைத் தொட்டுவிட்டால் இடம் உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டியலில் இருப்பது சென்ற ஆண்டின் கதை. சென்ற ஆண்டு எல்லோரும் கணினித் துறைக்கு ஓடியிருந்தால் அங்கே எண் ஏறியிருக்கும். இந்த ஆண்டு வேறு திசையில் ஓடலாம்.

விருப்ப வரிசை

சட்டெனக் கண்ணில் படாத தவறு இங்கேதான் நடக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். எந்த இடத்தில் நீங்கள் தகுதி பெறுகிறீர்களோ அங்கே நின்றுவிடும். பொதுவாக அது தருவது அந்த ஒரே இடம்தான். ஆகவே "கிடைக்காதோ" என்ற பயத்தில் பாதுகாப்பான பாடத்தை முதலில் போட்டு, ஆசைப்பட்டதை இரண்டாவதாகப் போட்டால், பாதுகாப்பானது கிடைத்துவிடும். ஆசைப்பட்டதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆசைப்பட்டதை மேலே போட்டதற்காகக் கீழே உள்ளதில் தண்டனை எதுவும் இல்லை. சில பாடப்பிரிவுகள் முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்கு முன்னுரிமை தரும். அந்தப் பிரிவின் பக்கத்தில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டு வரிசையைப் போடுங்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையே இந்தப் பிரச்சினை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். ஒன்றுக்குப் போடுவது மற்றொன்றைப் பாதிக்காது. எல்லா முடிவும் வந்தபின், பொது ஏற்புத் தளத்தில் மே பிற்பகுதிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நொடியில் மற்ற இடங்கள் போய்விடும். கெடு நாளைக் கடிதத்தில் பார்த்து, அதற்கு மூன்று நாள் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். கெடு தாண்டினால் இடமும் போகும்.

தேசிய சேவைக்குப் போகும் பையன்களும் இதே ஆண்டில் விண்ணப்பித்து இடத்தைப் பிடித்துவைக்கலாம். சேவை முடியும்வரை அது காத்திருக்கும். இரண்டு ஆண்டில் மனம் மாறினால் மறுபடி விண்ணப்பிக்கவும் வழி உண்டு. புதிய இடத்தை ஏற்றுக்கொண்டால் பழையது கைவிட்டுப் போகும். நேர்காணல் அழைப்பு வந்தால் அந்த மின்னஞ்சலை அன்றைக்கே மேலதிகாரியிடம் காட்டி அனுமதி கேளுங்கள். முதல்நாள் இரவு கேட்டால் கடினம்.

எழுதும் பகுதியும் நேர்காணலும்

மதிப்பெண் ஒரு முழம் குறைந்தாலும் திறனை வைத்து எடுக்கும் வழி உண்டு. அதற்கான பகுதியில் சிறு சிறு கேள்விகள் இருக்கும். எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பும் இருக்கும். இவ்வளவு சிறிய இடத்தில் பெரும்பாலோர் எழுதுவது இதுதான்: "இணைப்பாட நடவடிக்கையில் தலைவராக இருந்ததால் குழுப்பணியும் பொறுப்புணர்வும் கற்றேன்." விண்ணப்பங்களைப் படிப்பவர் இந்த வரியை அன்று காலையிலிருந்து எத்தனை முறை பார்த்திருப்பார்!

அதே மாணவர் இப்படி எழுதலாம்: "எங்கள் புளோக்கில் தனியாக வாழும் முதியோர் 40 பேருக்கு மாதம் ஒருமுறை மளிகைப் பை கொடுத்தோம். முதல் மாதம் 11 வீட்டில் கதவு திறக்கவில்லை. சனிக்கிழமை காலை அவர்கள் ஈரச்சந்தைக்குப் போயிருந்தார்கள். மாலை ஐந்துக்கு மாற்றினோம். அடுத்த மாதம் திறக்காதவை இரண்டு." தலைமை, பொறுப்பு என்ற சொல் ஒன்றும் இதில் இல்லை. ஆள் எப்படி யோசிப்பவர் என்று தெரிகிறது. எண் இருக்கிறது, தப்பு நடந்தது தெரிகிறது, ஏன் நடந்தது என்று போய்ப் பார்த்ததும் தெரிகிறது. விண்ணப்பத்தில் இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் முதலில் தமிழில் யாரிடமாவது வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது எங்கே இழுக்கிறீர்களோ அந்த வரியை வெட்டலாம்.

அப்பா திருத்தி, டியூஷன் ஆசிரியர் திருத்தி, செயற்கை நுண்ணறிவு மெருகேற்றிய பதிலோடு நேர்காணலுக்குப் போகாதீர்கள். "அந்த 11 வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இரண்டாவது நிமிடத்தில் வெளுத்துவிடும்.

சட்டத்துக்கு நேர்காணல் உண்டு. தேசியப் பல்கலைக்கழகம் எழுத்துத் தேர்வும் வைக்கும். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பல பிரிவுகளுக்குக் குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். அங்கே அதிகம் பேசுபவர் வெல்வதில்லை. முந்தையவர் சொன்னதைப் பிடித்து, "அவர் சொன்னது சரி, ஆனால் வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது பொருந்தாது" என்று ஒரு படி நகர்த்துபவரைத்தான் கவனிப்பார்கள்.

வளாகம் எப்படி இருக்கும்

ஓப்பன் ஹவுஸ் நாளில் எல்லா வளாகமும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். பலூன், இலவசப் பை, சிரித்த முகத்தோடு சீனியர்கள். அதற்குப் போங்கள், பேராசிரியரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இன்னொரு நாள், தவணை நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உங்கள் வீட்டிலிருந்து ஒன்பது மணி வகுப்புக்குப் போவது போலவே கிளம்பிப் போய்ப் பாருங்கள். நான்கு ஆண்டு நீங்கள் செய்யப்போவது அந்தப் பயணத்தைத்தான்.

பொங்கோலில் வீடு, நன்யாங்கில் படிப்பு என்றால் வடகிழக்குப் பாதையில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, பயனியரிலோ பூன் லேயிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். ஜூரோங் வட்டார ரயில்பாதை வளாகத்துக்குள் வரப்போகிறது, ஆனால் கட்டுமானம் இன்னும் முடியவில்லை. அதனால்தான் நன்யாங் விடுதி வாழ்க்கையைச் சுற்றி இயங்கும் வளாகம். ஜூரோங் வெஸ்ட்டின் ஓரத்தில், 200 ஹெக்டரில், இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளோடு அது தனி ஊர். இரவு பதினொன்றுக்கு நண்பர்களோடு சாப்பிடப் போகும் வாழ்க்கை வேண்டும் என்பவருக்கு அது சொர்க்கம். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு ஓடிவர நினைப்பவருக்குக் கொஞ்சம் தூரம். பாடங்களைப் பதிவு செய்யும் ஸ்டார்ஸ் முறையில், உங்கள் நேரம் திறந்ததும் முந்துபவருக்கு இடம். மாணவர்கள் அதை "ஸ்டார்ஸ் வார்ஸ்" என்றே அழைக்கிறார்கள்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் கென்ட் ரிட்ஜ் மேட்டில் பரந்து கிடக்கிறது. அங்கே "வளாகக் கலாசாரம்" என்று ஒன்றைச் சொல்வது கடினம். எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பல்கலைக்கழகமே மாறிவிடும். யூசோஃப், ஷியர்ஸ், ராஃபிள்ஸ் போன்ற பழைய விடுதிகளில் விளையாட்டும் நாடகமும் நடனமும்தான் மூச்சு. அடுத்த ஆண்டும் அறை வேண்டுமென்றால் நடவடிக்கைகளில் புள்ளி சேர்க்க வேண்டும். முதல் தவணையில் ஐந்து குழுவில் சேர்ந்து, பாதியில் படிப்பு சரிந்து தவிப்பவர்கள் இந்த விடுதிகளில்தான் அதிகம். வளாகத்தின் யுடவுன் பகுதியில் உள்ள டெம்புசு, கேப்ட், ஆர்சி4 போன்ற உறைவிடக் கல்லூரிகள் வேறு ரகம். தங்குவதோடு சிறு கருத்தரங்கு வகுப்புகளையும் எடுத்தாக வேண்டும். யேல்-என்யுஎஸ் கல்லூரி 2025-இல் மூடப்பட்டது. சிறு வகுப்பு, பல துறைப் படிப்பு என்று தேடுபவருக்கு இப்போது 2022-இல் தொடங்கிய என்யுஎஸ் கல்லூரி இருக்கிறது. அதற்குத் தனியாக எழுதி, தனி நேர்காணலுக்கும் போக வேண்டும்.

வீட்டுக்காரர்கள் கேட்க மறக்கும் ஒன்று சாப்பாட்டுத் திட்டம். தேசியப் பல்கலைக்கழகத்தின் பழைய விடுதிகளிலும் உறைவிடக் கல்லூரிகளிலும் காலை, இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்த்தே கட்டணம் வாங்குவார்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பணம் பணம்தான். வாரத்தில் மூன்று நாள் அம்மா சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருபவருக்கு அது வீண் செலவு. சைவம் சாப்பிடுபவர், ஓப்பன் ஹவுஸில் "சைவம் உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். "நேற்று இரவு சைவத்துக்கு என்ன போட்டார்கள்?" என்று அங்கே தங்கும் மாணவரிடம் கேளுங்கள்.

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் நகர நடுவில், பிராஸ் பசாவில் இருக்கிறது. 2000-இல் தொடங்கியதிலிருந்தே பெரிய விரிவுரை அரங்கை நம்பாமல் ஏறக்குறைய 45 பேர் உட்காரும் கருத்தரங்கு வகுப்பில் நடத்துகிறது. வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. வாரம்தோறும் கை தூக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து நன்றாகப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு முதல் தவணை கசக்கும். கூச்சம் உள்ளவர் போகவே கூடாது என்று இல்லை. போனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். குழு வேலை மிக அதிகம். பாடங்களுக்கு மின்வெள்ளி என்ற கற்பனைப் பணத்தில் ஏலம் கேட்க வேண்டும். வேலைப் பயிற்சியும் 80 மணி நேரச் சமூகச் சேவையும் பட்டத்துக்குக் கட்டாயம். வளாகத்துக்குள் பெரிய விடுதி வாழ்க்கை கிடையாது; மாலையானால் ரயிலேறி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சாங்கிப் பக்கம் உள்ள தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் சிறியது. 2012-இல் முதல் மாணவர்களை எடுத்தது. முதல் மூன்று தவணை எல்லோருக்கும் ஒரே பாடம், 50 பேர் வகுப்பு. அதற்குப் பிறகுதான் துறை. கையால் ஏதாவது செய்து, உடைத்து, மறுபடி செய்யும் ஆளுக்கு ஏற்ற இடம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது அங்கே நல்லதாகவும் இருக்கும், தொல்லையாகவும் இருக்கும்.

சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் இப்போது பொங்கோலில் இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் அதிகம், பல மாதம் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே படிக்கும் பகுதியும் உண்டு. சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போகும் பெரியவர்கள் மாலை வகுப்புக்கு வருவார்கள். தமிழையே பட்டப் பாடமாகப் படிக்க நினைப்பவர் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

வளாகத்தை விசாரிக்கத் தமிழ் மாணவருக்கு ஒரு நல்ல வழி உண்டு. தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவை, நன்யாங்கில் தமிழ் இலக்கிய மன்றம். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு இரண்டும் நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். உங்கள் விண்ணப்பம் போய், ஏற்பு முடிவு எடுக்காத இடைவெளியில் அது சரியாக வந்து விழுகிறது. போய் உட்காருங்கள். நிகழ்ச்சி முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஒரு கை கொடுத்துக்கொண்டே கேளுங்கள்: போன வாரம் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? குழு வேலையில் ஒருவர் செய்யாமல் போனால் என்ன நடக்கும்? நீங்கள் கேட்ட பாடம் கிடைத்ததா? "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் "ஓகேலா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பணமும் கடைசி நாளும்

குடிமக்களுக்குக் கல்விக் கட்டண மானியம் உண்டு. நிரந்தரவாசிகள் அதை எடுத்தால் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மானியம் போக மிஞ்சும் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கட்டணக் கடன் கிடைக்கும். பெற்றோரின் மத்திய சேம நிதி (மசேநிதி) சாதாரணக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம், 40 விழுக்காடு வரை. இது அன்பளிப்பு இல்லை, கடன். பட்டம் வாங்கி ஓராண்டு கழித்துப் பிள்ளை வட்டியோடு அந்தக் கணக்கில் திருப்பிப் போடத் தொடங்க வேண்டும். இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகைக்கும் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) உதவித்தொகைக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனிக் கெடு. வருமானச் சான்றுகளை ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால் இரண்டுக்கும் ஆகும்.

இடத்தை ஏற்றுக்கொண்ட இரவே விடுதி விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். படிப்புக்கு இடம் கிடைத்ததால் அறை தானாக வராது. அதற்கு வேறு படிவம், வேறு கெடு. உறைவிடக் கல்லூரி என்றால் அங்கேயும் சிறு கட்டுரை கேட்பார்கள். டிசம்பரில் எழுதிவைத்த அந்த 11 வீட்டுக் கதையை அங்கே எடுத்துக்கொள்ளலாம்.